கிண்ணம் கடைகிறவரின் மூச்சு

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில், ஈக்காட்டுத்தாங்கலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழிலும் கலையும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அது கடல். எனக்குக் கொடுத்திருப்பதோ இருபது நிமிடம். ஆகவே அந்தக் கடலிலிருந்து ஒரே ஒரு கிண்ணம் மொண்டு எடுத்துக்கொள்கிறேன். நிஜமாகவே கிண்ணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மேசை மேல் அழகுக்கு வைக்கிறோமே, பூ மிதக்க விடுகிறோமே, அந்த மாதிரிக் கிண்ணம். மரத்தில், கல்லில், கண்ணாடியில் செய்தது. இதில் இன்ஜினீயருக்கு என்னய்யா வேலை என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. நீரைத் தாங்கி வைக்கிற பள்ளம். அப்படிப் பார்த்தால் ஈக்காட்டுத்தாங்கல் என்ற பெயரிலேயே ஒரு கிண்ணம் இருக்கிறது. பக்கத்தில் கிண்டி தொழிற்பேட்டை 1958ல் வந்தது. அதை ஒட்டி இங்கே தெருவுக்குத் தெரு லேத் பட்டறைகள் முளைத்தன. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது இந்தக் கிண்ணம் மறுபடி நிரம்பியது. பட்டறைகளில் மெஷின்கள் மூழ்கின, மோட்டார்கள் காயில் கட்டப் போயின. சில பட்டறைகள் அதன் பிறகு திறக்கவே இல்லை. திறந்தவற்றில் ஒன்றில்தான் நான் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் இரும்பு கடைகிற இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கிண்ணம் கடைகிறோம்.

"கடைவது" என்ற சொல்லைக் கவனியுங்கள். மோர் கடைகிறோம், கீரை கடைகிறோம், மரமும் கடைகிறோம். லேத் வேலைக்குத் தமிழில் கடைசல் என்று பெயர். தொட்டில் கம்பும் கட்டில் காலும் கடைசல் பிடித்தவைதான். அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான் வைத்து விளையாடாத வீடு ஒரு காலத்தில் உண்டா? அதுவும் கடைசல்தான். மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொள்ளும். தனியாக அடுப்பு வேண்டாம், பிரஷ் வேண்டாம். கர்நாடகத்துச் சென்னபட்டணாவிலும் இதே முறைதான். அங்கே தாழை மடலை வைத்துத் தேய்த்து மெருகு ஏற்றுகிறார்கள். உராய்வு என்றால் நஷ்டம் என்றுதான் நாம் பாடத்தில் படித்தோம். அந்த நஷ்டத்தையே அடுப்பாக்கியவர்கள் இவர்கள்.

இனி ஒவ்வொரு பொருளாகப் பார்ப்போம்.

மரம்

மரம் வெட்டிய பிறகும் அசைந்துகொண்டே இருக்கும். ஈரத்தைக் குடிக்கும், விடும். பச்சைத் தேக்கு முழுதாகக் காயும்போது ஆண்டு வளையத்தின் ஓட்டத்தில் சுமார் 5.8 சதவீதம் சுருங்குகிறது. மையத்திலிருந்து பட்டை நோக்கிய போக்கில் சுமார் 2.5 சதவீதம்தான். நீளவாக்கில் அநேகமாக ஒன்றுமே இல்லை. மூன்று திசையில் மூன்று கணக்கு. அதனால்தான் பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் ஒரு மாதத்தில் நீள்வட்டமாகிவிடுகிறது. சில சமயம் வெடித்தும் விடுகிறது.

இதற்குக் கடைசல்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. முதலில் தடிமனாகக் கடைந்துவிடுவது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர் தடிமன், அதாவது பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலம். வெட்டு முகத்தில் மெழுகு பூசி, காற்றோட்டமான நிழலில் மாதக்கணக்கில் போட்டு வைப்பது. அது தன் இஷ்டத்துக்குக் கோணிக்கொள்ளட்டும். கோணி முடித்த பிறகு மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்குவது. எங்கள் பட்டறையின் மூத்த டர்னர் இதை ஒரே வரியில் சொல்வார்: "தம்பி, மரம் கோவிச்சுக்கிட்டுப் போனா பின்னாடியே ஓடாத. அதுவா திரும்பி வரும், அப்ப பேசிக்கலாம்."

மரத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி எல்லாம் தெருவில் கிடந்தன. பெரும்பாலும் விறகாகத்தான் போயிருக்கும். ஆனால் ஹவாய்த் தீவுகளில் இதே தூங்குமூஞ்சி மரத்தை "மங்கிபாட்" என்ற பெயரில் கிண்ணமாகக் கடைந்து உலகமெங்கும் விற்கிறார்கள். அது தேக்கைவிடக் குறைவாகச் சுருங்கும். பச்சையாகக் கடைந்தாலும் அதிகம் வெடிக்காது. இப்படிப்பட்ட மரம் நம் தெருவோரத்தில் நிற்கிறது. நாம் அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டோம். தூங்குவது யார் என்பதுதான் கேள்வி. (சிரிப்பு)

கல்

பரங்கிமலையும் பல்லாவரமும் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அங்கே கிடைக்கும் கருநிறப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பக்கத்துப் பாறை. அதை ஆராய்ந்த ஹாலந்து என்ற நிலவியலாளர், 1893ல் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். உலகத்து நிலவியல் மாணவர்கள் எல்லாரும் படிக்கும் பாறை நம் விமான நிலையத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதே பல்லாவரத்தில்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ல் பழைய கற்காலத்துக் கல் கருவியைக் கண்டெடுத்தார். கல்லைச் செதுக்கும் கை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

ஆனால் சார்னோக்கைட்டில் கிண்ணம் செய்வது லேசில்லை. நல்ல வைரத் தூள் பதித்த பிளேடு வேண்டும், நிறையப் பொறுமை வேண்டும். அதற்கு நேர் எதிர் மாக்கல். நகத்தால் கீறினாலே கோடு விழும். சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்சட்டி இந்த மாக்கல்தான். புளி ஊற்றினாலும் கல் ஒன்றும் ஆகாது. அடுப்பை அணைத்த பிறகும் வெகுநேரம் குழம்பு கொதிக்கும், சூட்டை அப்படிப் பிடித்து வைக்கும். புதுச் சட்டியை உடனே அடுப்பில் ஏற்றக் கூடாது என்று பாட்டி சொல்லியிருப்பார்கள். கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்து, எண்ணெய் தடவி, நாள் கணக்கில் சிறு தீயில் பழக்க வேண்டும். நாம் அதைத் "தெர்மல் ஷாக்" என்று பெயரிட்டுப் பரீட்சை எழுதினோம். பாட்டி பரீட்சை எழுதாமலே பாஸ்.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் கல்லை எடுப்பதற்கு முன் சுத்தியலால் தட்டி ஓசை கேட்பார்கள். கணீரென்று ஒலித்தால் ஒரு வகை, ஒலி அடங்கினால் இன்னொரு வகை. ஆண் கல், பெண் கல் என்று சிற்ப மரபில் பிரிப்பதும் இந்த ஓசையை வைத்துத்தான். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை காட்டிக்கொடுத்துவிடும். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே சோதனை. பொருளை உடைக்காமல் உள்ளே பார்ப்பதற்கு இன்று அல்ட்ராசோனிக் கருவி இருக்கிறது. அடிப்படை ஒன்றுதான்.

கண்ணாடி

ஜன்னல் கண்ணாடித் துண்டைக் கிண்ணமாக்க ஊத வேண்டும் என்றில்லை. சுட்ட மண்ணால் கிண்ண வடிவத்தில் ஒரு அச்சு செய்து, அதன் மேல் ஒட்டாமலிருக்க அலுமினாக் கலவை பூசி, வட்டமாக வெட்டிய கண்ணாடியை மேலே வைத்து மின்சூளையில் ஏற்றினால் போதும். 650 முதல் 700 டிகிரி செல்சியஸுக்குள் கண்ணாடி தளர்ந்து, ஈரத் துணி மாதிரி தானே தொய்ந்து அச்சுக்குள் இறங்கிவிடும்.

வித்தை அதில் இல்லை, ஆற வைப்பதில் இருக்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடியைச் சுமார் 540 டிகிரியில் கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உட்புறம் பிறகு சுருங்கப் பார்க்கும், இடமிருக்காது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். கிண்ணம் பார்க்க அழகாக இருக்கும். ஒரு நாள் ராத்திரி யாரும் தொடாமலே "டப்" என்று தெறிக்கும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு சின்ன உபாயம். பழைய எல்.சி.டி. மானிட்டரில் வெள்ளைத் திரை வைத்து, அதன் முன்னால் கிண்ணத்தைப் பிடித்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பாருங்கள். தலையை இப்படி அப்படிச் சாய்த்தால் திரை இருண்டு போகும் ஒரு கோணம் கிடைக்கும். அந்த இருட்டில், உள்ளே இழுபறி இருக்கும் இடம் வெளிச்சமாகவோ வண்ணமாகவோ தெரியும். லேபில் லட்ச ரூபாய்க் கருவியில் பார்த்த ஃபோட்டோ எலாஸ்டிசிட்டி பாடம் இதுதான்.

மூன்றையும் சேர்த்தால்

இப்போது யாராவது ஆசைப்படுவார்கள்: மர விளிம்பு, கண்ணாடி வயிறு, கல் பாதம், மூன்றும் சேர்ந்த கிண்ணம் செய்யலாமே என்று. செய்யலாம். கணக்குப் போட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

20 செ.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை, மழைக்காலத்துக்கும் ஏ.சி. அறைக்கும் நடுவே நான்கு சதவீதம் ஈரம் மாறினால், குறுக்குவாட்டில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அசையும். அதே 20 செ.மீ. கண்ணாடி, 20 டிகிரி வெப்பம் மாறினாலும் 0.036 மி.மீ.தான் நீளும். கல்லும் கிட்டத்தட்ட அவ்வளவே. நாற்பது மடங்கு வித்தியாசம்! இரண்டையும் அரால்டைட் போட்டு இறுக்கி ஒட்டினால், மரம் நகர வேண்டும் என்கிறது, கண்ணாடி முடியாது என்கிறது. உடைவது கண்ணாடி. ஆகவே நடுவில் இடைவெளி விட வேண்டும், சிலிகான் போல நெகிழ்ந்து கொடுக்கும் ஒன்றால் நிரப்ப வேண்டும். கட்டைவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுகிற கொல்லர் சுருங்குவதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். நாம் இங்கே சுருங்குவதற்கு வழி விடுகிறோம். இரண்டுக்கும் தேவை ஒரே அறிவு: எது, எந்தத் திசையில், எவ்வளவு நகரும் என்பது.

மூச்சு

இதுவரை நான் சொன்னதில் பெரும்பகுதி கைவினைஞர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். எண்ணாகத் தெரியாது, கையில் தெரியும். படித்த நாம் ஒரு கைவினை ஊருக்குப் போனால் என்ன செய்கிறோம்? புது டிசைன் கொடுக்கிறோம். இப்படி வளைங்க, அப்படி நெளிங்க, வெளிநாட்டில் விற்கும் என்கிறோம். அவர்களுக்கு டிசைன் பஞ்சமே இல்லை. அவர்களிடம் இல்லாதது வேறு. அதைச் சொல்லத்தான் இன்று நான் வந்தேன்.

கல் பட்டறைக்குள் போய் நின்று பாருங்கள். கிரைண்டர் ஓடும்போது வெள்ளையாக ஒரு புகை எழும். கண்ணுக்குத் தெரிகிற அந்தத் தூசி பெரிய ஆபத்தில்லை. அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத, ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் நுரையீரலின் கடைசி அறை வரை போகும். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் தூசி அங்கே போய்த் தழும்பு உண்டாக்கும். அதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்தால் திரும்பாது. வேலையை விட்ட பிறகும் வளரக்கூடியது. தடுக்கத்தான் முடியும்.

இது இன்று கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிக்கோசிஸ் இடம்பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ல் மரத்தூளையும், 1997ல் படிக சிலிக்காத் தூசியையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று வகைப்படுத்தியது. சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை வெட்டியவர்கள் இளம் வயதிலேயே நோயில் விழுந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. மாக்கல் மெத்தென்று இருக்கிறதே, அதன் தூசி ஒன்றும் செய்யாது என்றும் நினைக்க வேண்டாம். டால்க் தூசியும் நுரையீரலில் தங்கும். சில இடத்துக் கல்லில் கல்நார் வகைக் கனிமம் கலந்திருப்பதும் உண்டு.

நம் ஆட்கள் என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள்? தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்கிறார்கள். துண்டு நுண்ணிய தூசியைத் தடுக்காது. லேத்தில் அது இன்னொரு ஆபத்து. 25 செ.மீ. கிண்ணம் நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. துண்டின் நுனி அதில் மாட்டினால் இழுத்துவிடும்.

சரி, பின்னால் ஒரு மின்விசிறி வைத்திருக்கிறோமே என்பார்கள். விசிறி தூசியை அழிப்பதில்லை. உங்கள் மூக்கிலிருந்து பக்கத்து ஆளின் மூக்குக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்றால், அதற்கும் கணக்கு இருக்கிறது. உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து ஒரு விட்ட தூரம் தள்ளிப் போனாலே, காற்றின் வேகம் வாயில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஊதினால் காற்று தூரம் போகும், உறிஞ்சினால் போகாது. மெழுகுவத்தியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியுமா? ஆகவே பத்து அடி தள்ளிச் சுவரில் இருக்கும் ஃபேன் உளிமுனையில் எழும் தூசியை இழுக்கும் என்பது வெறும் நம்பிக்கை. உறிஞ்சும் வாய் வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கல் வேலைக்குத் தண்ணீர். வெட்டும் இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால் தூசி பறக்கும் முன்பே சேறாகிவிடும். சாயந்திரம் அந்தச் சேறு காய்வதற்கு முன் அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் அதுவே தூசி. தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் வருவதால், கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். மர வேலைக்கு, உளிக்கு அருகே இழுத்து வைக்கக்கூடிய உறிஞ்சு குழாய். அதில் வருவதை அறைக்குள்ளேயே கக்காத நல்ல பை. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைப்பது. முகத்துக்குத் துண்டுக்குப் பதில், முகத்தோடு பொருந்தும் என்-95. கண்ணாடிச் சூளைக்குத் தெர்மோகப்பிளும் ஒரு கன்ட்ரோலரும் வைத்தால் ராத்திரி முழுக்க ஆள் கண் விழித்துச் சூளை வாசலில் உட்கார வேண்டியதில்லை.

எங்கள் பட்டறையில் உறிஞ்சு குழாயை மாட்டியபோது அந்த மூத்த டர்னர் ஒரு வாரம் சந்தேகமாகவே பார்த்தார். சத்தம் ஜாஸ்தி என்றார், கைக்கு இடைஞ்சல் என்றார். இரண்டும் நியாயமான புகார். குழாயை ஒரு கீல் வைத்து ஒதுக்கும்படி மாற்றினோம், மோட்டாரை வெளியே தள்ளினோம். பிறகு ஒரு நாள் சொன்னார்: "வூட்டுக்குப் போனா இப்பல்லாம் சட்டைய ஒதற வேண்டியதில்ல தம்பி." எனக்கு எந்த மதிப்பெண்ணும் அதற்கு ஈடாகத் தோன்றவில்லை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி வருட ப்ராஜெக்ட் எடுக்கும்போது ஒரு கல் பட்டறைக்கோ கடைசல் பட்டறைக்கோ போங்கள். போனவுடனே யோசனை சொல்லாதீர்கள். இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கை எங்கே போகிறது, எந்தப் பக்கம் தூசி பறக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கரண்ட் எப்போது போகிறது என்று பாருங்கள். அந்த ஊர்க் கடையில் கிடைக்கும் குழாய், தகடு, மோட்டாரை வைத்தே ஒன்று செய்யுங்கள். பழுதானால் அவர்களே பிரித்து மாட்டக்கூடியதாக அது இருக்கட்டும். வேலையின் வேகத்தைக் குறைக்காததாகவும் இருக்கட்டும், ஏனென்றால் கூலி உருப்படிக் கணக்கு. வேகம் குறைந்தால் நீங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

என் வயது நண்பர்களுக்கும் ஒன்று. நம்மில் பலர் புது வீட்டுக்குக் கிரானைட் போட்டிருக்கிறோம், வரவேற்பறையில் கல் கிண்ணமும் மரக் கிண்ணமும் வைத்திருக்கிறோம். அடுத்த முறை வாங்கும்போது விலையோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "தண்ணி ஊத்தித்தான் வெட்டுறீங்களா?" நாலு பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். நாற்பது பேர் கேட்டால் பட்டறையில் குழாய் வரும். சங்கமும் மனது வைத்து, வருடத்துக்கு ஒரு பட்டறைக்கு இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுக்கலாம் என்பது என் விண்ணப்பம். தலைவர் அவர்கள் தலையசைப்பதைச் சபையோர் எல்லாரும் பார்த்துக்கொண்டீர்கள், சாட்சி இருக்கிறது. (கைதட்டல்)

மரத்துக்கு அசைய இடம் கொடுக்கிறோம். கண்ணாடிக்கு ஆற நேரம் கொடுக்கிறோம். கல்லுக்குக் காது கொடுக்கிறோம். இவ்வளவு மரியாதை பொருளுக்குத் தருகிற நாம், அதைச் செய்கிறவருக்கு நல்ல காற்றையாவது தர வேண்டும்.